ஐந்தாம் மெஷினுக்குப் போன லைசென்ஸ்

காலை எட்டேகாலுக்கு அட்டைப்பெட்டித் தொழிற்சாலையின் வாசலில் வண்டியை நிறுத்தினேன். சர்வர் பழுது பார்ப்பவனுடைய பிழைப்பு விசித்திரமானது. எல்லாம் ஒழுங்காக ஓடும் நாளில் அவனை ஒரு நாயும் சீண்டாது; ஒரே ஒரு திரை அடம்பிடித்தால் போதும், வாசலுக்கே வந்து அழைத்துப் போவார்கள். அன்று வாசலில் நின்றவர் மேலாளர். தொழிலாளர்கள் அவருக்கு வைத்த பெயர் ‘அவசரம்’. அந்த வார்த்தை இல்லாமல் அவர் பேசி யாரும் கேட்டதில்லை.

“வாங்க சார், அவசரம். நாலாம் மெஷின் டெர்மினல் உள்ளயே விட மாட்டேங்குது. லைசென்ஸ் இல்லையாம். சாயங்காலத்துக்குள்ள எட்டாயிரம் பெட்டி போயாகணும்.”

“எப்படி சார் இல்லாம போகும்? ஓடுறது அஞ்சு மெஷின், அஞ்சு லைசென்ஸ். நானே போட்டது.”

“அதை என்கிட்ட கேட்டா? போய் அதுகிட்ட கேளுங்க.”

உள்ளே பசையும் ஈர அட்டையும் சூடான எண்ணெயும் கலந்த வாடை. சுவரோரம் வரிசையாக அட்டை வெட்டும் மெஷின்கள். ஒவ்வொன்றிலும் ஆள் உயரத்துக்கு இரண்டு இரும்புத் தட்டுகள், வாயைப் போலத் திறந்து மூடும். ஒரு தட்டில் பெட்டியின் வடிவத்துக்கு வளைத்துப் பதித்த கத்திகள் இருக்கும். நடுவில் அட்டையை வைத்தால் ஒரே கடியில் பெட்டி வெட்டுப்பட்டு வரும்.

ஒவ்வொரு மெஷின் பக்கத்திலும் ஒரு சின்ன டெர்மினல். ஒரு திரை, ஒரு கீபோர்டு, அவ்வளவுதான். அதற்கென்று சொந்த மூளை கிடையாது. வேலையெல்லாம் அலுவலக அறையிலிருக்கும் சர்வரில் நடக்கும். லைசென்ஸ் இருந்தால் டெர்மினல் சர்வருக்குள் நுழையும். இல்லையென்றால் வெளியே நிற்க வேண்டியதுதான். உள்ளே போனால் திரையில் தலைப்பாகச் சின்ன எழுத்தில் மெஷினின் பெயரும், பச்சை, சிவப்பு என இரண்டு பட்டன்களும் வரும். பச்சை ஓட்டும், சிவப்பு நிறுத்தும். கீழே ஒரு குறிப்புக் கட்டம். எதற்காக நிறுத்தினோம் என்பதை ஓட்டுகிறவர் அதில் எழுத வேண்டும்.

நான்காம் மெஷினின் முன்னால் என் அக்கா நின்றிருந்தாள். நான்கு மாதம் பேக்கிங் பிரிவில் ஒதுங்கியிருந்துவிட்டு அன்றுதான் திரும்பவும் மெஷினுக்கு வந்திருந்தாள். நான்கு மாதமாக அந்த மெஷின் சும்மாவே நின்றது. ஆர்டர் குவிந்ததும் அவசரம் அவளைப் பிடித்து இழுத்து வந்துவிட்டார்.

“வந்துட்டியாடா? காலையில இருந்து கும்பிடாத குறையா கேட்டுப் பாத்துட்டேன். இந்த சனியன் அசையல.”

“பயமா இருக்காக்கா?”

“பயமெல்லாம் இல்ல.” அவள் பார்வை எனக்குப் பின்னால் போனது. அங்கே பத்தடி தள்ளி, நீலத் தார்ப்பாய் போர்த்தி நின்றது ஐந்தாம் மெஷின். “அந்தப் பக்கம் பாக்காம வேலை செஞ்சா சரியாயிடும்.”

எனக்கு அக்காவை விட்டால் யாரும் இல்லை. அப்பா அம்மா போன பிறகு இந்த மெஷினில் நின்றுதான் என்னைப் படிக்க வைத்தாள். இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இனி நான் செய்த எதையும் சரி என்று சொல்ல எனக்கு வேறு காரணம் கிடையாது.

அலுவலக அறையில் உட்கார்ந்து லைசென்ஸ் பட்டியலைத் திறந்தேன். ஐந்து லைசென்ஸும் கொடுக்கப்பட்டிருந்தன. மெஷின்-1, மெஷின்-2, மெஷின்-3, மெஷின்-6.

மெஷின்-5.

கொடுத்த நேரம், அன்று காலை ஆறு நாற்பது.

எப்படி நடந்திருக்கும் என்பது எனக்குத் தெரியும். ஒரு டெர்மினல் நீண்ட நாள் உள்ளே வராவிட்டால் அதன் லைசென்ஸ் காலாவதியாகிப் பொதுக் கையிருப்புக்குத் திரும்பிவிடும். பிறகு முதலில் கதவைத் தட்டுகிறவருக்கு அது போகும். நான்காம் மெஷின் நான்கு மாதமாகச் சும்மா கிடந்ததால் அதனுடைய லைசென்ஸ் திரும்பியிருக்கிறது. அக்கா ஏழு மணிக்கு வருவதற்குள் வேறு யாரோ வந்து அதை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஆனால் மெஷின்-5 என்ற டெர்மினல் உலகத்திலேயே கிடையாது. நான்தான் அதை வீட்டுக் கொல்லையில் வைத்துச் சுத்தியலால் உடைத்தேன். பாதியை ஒரு பழைய இரும்புக் கடையிலும் மீதியை இன்னொரு கடையிலும் போட்டேன்.

ஏன் என்று சொல்ல வேண்டும்.

மூன்று வருடத்துக்கு முன்னால் இங்கே லைசென்ஸ் டெர்மினல் கணக்கில் இல்லை, ஆள் கணக்கில் இருந்தது. ஆறு மெஷினுக்கு ஐந்து ஆள் லைசென்ஸ்தான் வாங்கினார்கள். நான் கெட்டிக்காரத்தனமாக ஒரு வழி செய்தேன். நான்காம் மெஷினுக்கும் ஐந்தாம் மெஷினுக்கும் ஒரே யூசர் பெயர். இரண்டும் ஒரே ஷிஃப்டில் ஓடக்கூடாது என்று அவசரத்திடம் சொன்னேன். சொன்னதோடு சரி, எழுதி ஒட்டவில்லை.

ஒரே பெயரில் இரண்டாவது ஆள் உள்ளே வந்தால், சர்வர் முதல் ஆளின் திரையை அப்படியே பிடுங்கி இரண்டாவது ஆளிடம் கொடுத்துவிடும். திறந்திருந்த பக்கத்தோடு. அந்தப் பக்கம் எந்த மெஷினுடையதோ, அந்த மெஷினோடு.

நான்கு மாதத்துக்கு முன்னால் ஒரு பிற்பகல், அவசரம் இரண்டு மெஷினையும் ஒன்றாக ஓட்டச் சொன்னார். ஐந்தாம் மெஷின்காரரை எல்லாரும் மௌனி என்பார்கள். நாளுக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். அவருடைய மெஷினில் அட்டை சிக்கியது. அவர் முறையாகச் சிவப்பை அமுக்கினார். குறிப்பு எழுதினார். தோள் வரை கைகளை உள்ளே விட்டு, சிக்கிய அட்டையை இழுத்தார். அதே நேரத்தில் என் அக்கா நான்காம் டெர்மினலில் உள்ளே வந்தாள். திரையில் சிவப்பு. தலைப்பையும் குறிப்பையும் அவள் படிக்கவில்லை. தன் மெஷினைப் பார்த்தாள், வாய் காலி. பச்சையை அமுக்கினாள். தன் மெஷின் ஓடவில்லை என்று இன்னொரு முறையும் அமுக்கினாள்.

இரண்டு கையும் தலையும் தட்டுகளுக்கு நடுவில் போயின. கத்திகள் அவரைப் பெட்டி வடிவத்தில் வெட்டியிருந்தன. அதைப் பார்த்தவர்களில் இரண்டு பேர் மறுநாளிலிருந்து வேலைக்கே வரவில்லை.

மறுநாள் சர்வரின் பதிவில் அந்த இரண்டு வரிகளையும் நான்தான் முதலில் பார்த்தேன். எந்தப் பெயர், எந்த டெர்மினலிலிருந்து, எத்தனை மணிக்கு. என் கெட்டிக்காரத்தனமும் அக்காவின் விரலும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. அழித்தேன். மௌனி சிவப்பை அமுக்கிய வரியையும் அழித்தேன். தடயம் எதுவும் மிஞ்சக்கூடாது என்று ஐந்தாம் டெர்மினலையும் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோனேன். விசாரணை அறிக்கையில் அவருடைய கவனக்குறைவு என்று எழுதி அவசரம் கையெழுத்துப் போட்டார். கைக்குழந்தையோடு வந்த மௌனியின் மனைவி, “அவரு அமுக்காம கைய விட மாட்டாரு சார்” என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் காலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அக்காவுக்கு எதுவும் தெரியாது. தெரியாமலே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஆள் கணக்கை டெர்மினல் கணக்காக மாற்றினேன். ஐந்தாம் மெஷினின் கரண்ட் வயரை வெட்டிப் போட்டார்கள். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

இப்போது பட்டியலில் அந்தப் பெயர். யாரோ எனக்குத் தெரிந்ததைத் தெரிந்துகொண்டு விளையாடுகிறார்கள் என்றுதான் முதலில் தோன்றியது. எவனோ ஒரு பழைய கணினிக்கு இந்தப் பெயரை வைத்துத் தார்ப்பாய்க்குப் பின்னால் மறைத்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது.

பத்து மணிக்குத் தேநீர் இடைவேளை. மற்ற மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. ஆட்கள் முற்றத்துக்குப் போனார்கள். அந்தப் பெரிய கூடத்தில் சத்தம் அடங்கியபோது என் காது கொஞ்ச நேரம் ரீங்கரித்தது.

“சார், தார்ப்பாய்க்குப் பின்னாடி ஏதாவது கம்ப்யூட்டர் இருக்கான்னு கொஞ்சம் பாருங்க. உள்ள நெட்வொர்க் வயர் தொங்குதான்னும் பாருங்க,” என்று அவசரத்திடம் சொன்னேன்.

“இதெல்லாம் என் வேலையா? சரி, சீக்கிரம். டீ முடியறதுக்குள்ள நாலு ஓடணும்.”

அவர் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். நான் அலுவலக அறைக்குப் போய்ப் பட்டியலில் மெஷின்-5 மேல் கை வைத்து லைசென்ஸைப் பறித்தேன். ஐந்து லைசென்ஸ் இருந்தால் ஒரு தடவைக்கு ஒன்றைத்தான் பறிக்க முடியும். அந்த ஒன்றைப் பறித்தாயிற்று. நான்காம் டெர்மினலுக்கு வந்து அதே பழைய யூசர் பெயரை அடித்தேன். உடனே உள்ளே விட்டது.

அந்த வேகத்தில் நான் ஒன்றைச் செய்ய மறந்துவிட்டேன். லைசென்ஸைப் பறிப்பதால் ஏற்கெனவே உள்ளே இருப்பவர் வெளியேறுவதில்லை. உள்ளே யார் இருக்கிறார்கள் என்று நான் பார்க்கவே இல்லை.

திரை வந்தது. தலைப்பை நான் கவனிக்கவில்லை. நிறுத்தத்தில் இருந்தது. குறிப்புக் கட்டத்தில் ஏற்கெனவே எழுதியிருந்தது.

‘அட்டை சிக்கிருக்கு. கை உள்ள.’

“நீ எழுதினியாக்கா?”

“நான் இன்னும் தொடவே இல்லையேடா.”

“சார், கிடைச்சுதா?” என்று கத்தினேன்.

“ஒண்ணும் இல்ல,” என்று தார்ப்பாய்க்குள்ளிருந்து குரல் வந்தது. வாளிக்குள் தலையை விட்டுப் பேசுவதுபோல இருந்தது. “உள்ள எட்டிப் பாத்துட்டேன், வயரே இல்ல. நீங்க ஓட்டுங்க, அவசரம்.”

நான்காம் மெஷினின் வாயை நன்றாகப் பார்த்தேன். குனிந்தும் பார்த்தேன். காலி. அக்கா இரண்டடி விலகி நின்றாள்.

பச்சையை அமுக்கினேன்.

நான்காம் மெஷின் அசையவில்லை.

தார்ப்பாய்க்குப் பின்னால் காற்றை இழுக்கும் ஓசை கேட்டது. பிறகு இரும்பு இரும்போடு மோதியது. நடுவில் வேறொன்றும் உடைந்த சத்தம். பச்சைக் கரும்பை முறித்தால் வரும் சத்தம்.

அவசரத்தின் குரல் வரவில்லை. தார்ப்பாயின் அடியிலிருந்து சிவப்பாக ஏதோ வழிந்து, சிமெண்ட் தரையின் சரிவைக் கண்டுபிடித்து எங்கள் பக்கம் வந்தது.

அக்கா ஓடிப் போய்த் தார்ப்பாயை இழுத்தாள். அது சரிந்து விழுந்தது. அவசரம் இடுப்பு வரை மெஷினுக்குள் இருந்தார். தட்டுகள் மறுபடி திறந்திருந்தன. தலை இருந்த இடத்தில் கத்திகளில் ஒட்டியிருந்ததை நான் சொல்லப்போவதில்லை. ஒரு கால் மட்டும் இன்னும் தரையை உதைத்துக்கொண்டிருந்தது. வெட்டிப் போட்ட கரண்ட் வயர், நான்கு மாதத்துத் தூசியோடு, மெஷினுக்கு மூன்றடி தள்ளிக் கிடந்தது.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். என் விரல் இன்னும் திரையின் மேலேயே இருந்தது.

“நீ அங்க அமுக்கினா இங்க ஓடுதா?”

நான் விரலை எடுத்தேன்.

“அன்னைக்கும் இப்படித்தானா? ரெண்டு தடவ அமுக்கினேனே நான்.”

“அக்கா, வெளிய வா. அதுகிட்ட நிக்காத.”

“கால் ஆடுதுடா. உயிர் இருக்கு.” தடுப்பதற்குள் அவள் இரண்டு கைகளையும் உள்ளே விட்டு அவருடைய தோளைப் பிடித்து இழுத்தாள்.

தலையே இல்லாத உடல் கையைத் தூக்கியது. என் அக்காவின் இரண்டு மணிக்கட்டுகளையும் பற்றிக்கொண்டது.

அவள் அலறவில்லை. “விட மாட்டேங்குது,” என்று மெதுவாகச் சொன்னாள்.

என் முன்னால் திரை இருண்டது. ஒரு வரி வந்தது. ‘வேறொரு டெர்மினலில் இருந்து இணைந்துவிட்டதால் உங்கள் தொடர்பு துண்டிக்கப்பட்டது.’

தட்டுகள் மூடத் தொடங்கின.

யூசர் பெயரை அடித்தேன், பாஸ்வேர்டை அடித்தேன். திரை வந்தது. சிவப்பு. தட்டுகள் ஒரு முழம் இடைவெளியில் நின்று, முனகிக்கொண்டே திறந்தன.

துண்டிக்கப்பட்டது.

மறுபடி அடித்தேன். சிவப்பு. இம்முறை அரை முழம். கத்திகளில் ஒன்று அக்காவின் சட்டைக் கையைக் கிழித்திருந்தது. ரத்தம் அவளுடையதா அவருடையதா என்று தெரியவில்லை.

துண்டிக்கப்பட்டது.

பாஸ்வேர்டு தவறாக விழுந்தது. வாழ்நாளெல்லாம் நான் செய்த தொழில் இது, எட்டு எழுத்து. திரும்ப அடித்தேன். சிவப்பு. நான்கு விரல் இடைவெளி. அக்கா கண்ணை மூடியிருந்தாள். ஒரு கத்தியின் முனை அவள் முழங்கைக்குக் கீழே சதையில் இறங்கி நின்றது.

“தம்பி, நீ போயிடு,” என்றாள்.

என்னால் மௌனியை வெளியே தள்ள முடியாது என்று தெரிந்துவிட்டது. உள்ளே வருவதற்கு என்னைவிட அவருக்கு உரிமை அதிகம். நான் குறிப்புக் கட்டத்தில் அடித்தேன்.

‘நீங்க சிவப்பை அமுக்கினீங்க. அந்த வரியை நான்தான் அழிச்சேன். தப்பு உங்க மேல இல்ல.’

திரை இருளவில்லை. தட்டுகள் அப்படியே நின்றன. கூடத்தில் ஒரு சத்தமும் இல்லை. மிக அருகில், என் தோளுக்குப் பின்னால், பசையும் வியர்வையும் கலந்த மூச்சு.

கட்டத்தில் என் எழுத்துக்குக் கீழே எழுத்துகள் ஒவ்வொன்றாக விழுந்தன. ஒரு விரலால் தேடித் தேடி அடிக்கும் ஆளின் வேகம்.

‘பச்சை அமுக்கினது யாரு?’

நான் அக்காவைப் பார்த்தேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

‘நான்.’

மணிக்கட்டுகளைப் பிடித்திருந்த விரல்கள் விரிந்தன. அக்கா பின்னால் விழுந்தாள். நான் பெருமூச்சு விட்டுச் சரிந்தேன். விழாமலிருக்க இடது கையை எதன் மேல் ஊன்றியிருக்கிறேன் என்று அப்போதுதான் பார்த்தேன். நான்காம் மெஷினின் தட்டு. திரையின் தலைப்பு நான்காம் மெஷின் என்று மாறியிருந்தது. பச்சை தானாகவே ஒளிர்ந்தது.

முதல் கடியில் எலும்பு உடைந்தது. இரண்டாவது கடியில் கை என்னுடையதாக இல்லை. அவர் எண்ணி இரண்டு தடவைதான் அமுக்கினார்.

ஆஸ்பத்திரியில் முப்பத்தோரு நாள் கிடந்தேன். விசாரணைக்கு வந்தவர்களிடம் பதிவை அழித்ததைச் சொன்னேன். மௌனி மேல் தவறில்லை என்று எழுத்தில் கொடுத்தேன். அவர் மனைவி வந்து கட்டில் பக்கத்தில் நின்றாள். என் முகத்தில் காறித் துப்பிவிட்டுப் போனாள். துடைத்துக்கொள்ளத் தோன்றவில்லை. ஆனால் மௌனி செத்த அன்று பச்சையை அமுக்கியது யார் என்று கேட்டபோது, சோதனைக்காக அலுவலக அறையிலிருந்து நானே அமுக்கினேன் என்றுதான் சொன்னேன். என் மேல் வழக்கு இருக்கிறது. இருக்கட்டும். அக்கா உயிரோடு இருக்கிறாள். தொழிற்சாலையைப் பூட்டிவிட்டார்கள், சர்வரைக் கழற்றி எடுத்துப் போனார்கள், இனி யாரும் எதற்குள்ளும் நுழைய முடியாது.

நேற்று பிற்பகல் கோர்ட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அக்கா என் சட்டைக்குப் பட்டன் போட்டுவிட்டு, காலியாகத் தொங்கும் இடது கையை மடித்து ஊசி குத்திக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியாக நல்ல வெயில் வந்தது. தெருவில் ஏதோ ஒரு வண்டி ஹாரன் அடித்தது.

“அன்னைக்கு அந்தக் கட்டத்துல நீ என்னடா எழுதின?” என்றாள்.

“அமுக்கினது நான்தான்னு எழுதினேன்.”

“அதான் பாத்தேன்.” அவள் ஊசியைச் சரியாகக் குத்தி முடித்தாள். “எனக்கு மனசு கேக்கல. அது பொய்னு அவர்கிட்ட சொல்லிட்டேன்.”

“யார்கிட்ட?”

“அதிகம் பேச மாட்டார்ல. ஆனா தினமும் அதையே கேட்டா எத்தனை நாளைக்குத்தான் சும்மா இருக்கறது? ஞாயித்துக்கிழமை சொல்லிட்டேன். அதுக்கப்புறம் கேக்கல.”

அவள் கையைப் பிடித்துச் சட்டைக் கையை மேலே தள்ளினேன். விரல் பதிந்த தடங்கள் என்றோ மறைந்துவிட்டன. இது வேறு. முன்கையில், வெட்டுவதற்கு முன்னால் ஸ்கேல் வைத்துக் குறித்ததுபோல, நேரான ஒரு நீலக் கோடு சுற்றி ஓடியது. அடுத்த கையிலும் அதே உயரத்தில் ஒன்று.

“வலிக்கல,” என்றாள் அக்கா. “திங்கக்கிழமை மணிக்கட்டுலதான் இருந்துச்சு.”

நான் இருக்கிற ஒற்றைக் கையால் அந்தக் கோட்டை அழுத்திப் பிடித்தேன். என் உள்ளங்கைக்கு அடியில் அது முழங்கையை நோக்கி மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது.